உணர்வு ஒத்த உள்ளங்கள்

காதலைப் பற்றிப் பேசும்போது கண்ணுக்கும் முகத்துக்கும் நாம் தரும் இடம் பெரிது. அறிவும் படைப்பாற்றலும் ஓர் உள்ளத்தை இன்னோர் உள்ளத்தின்பால் ஈர்க்கும் என்றால், அது ஏட்டில் மட்டுமே நிகழ்வது என நகைப்போரும் உளர். தொல்காப்பியர் அவ்வாறு கருதவில்லை. தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய ஒப்புமைகள் பத்தினை மெய்ப்பாட்டியலில் கூறுமிடத்து, உருவோடும் திருவோடும் உணர்வையும் சேர்த்தே வைத்தார். உணர்வு என்பதற்கு அறிவு என்று உரையாசிரியர் பொருள் உரைப்பர். அதற்கு முன்னே அருள் நிற்கிறது. இவ்வரிசை இயல்பாக அமைந்ததாகவே இருக்கலாம். எனினும் அருளை ஒட்டி நிற்கும் அறிவே காதலை வளர்க்கும் என்பது என் துணிபு.

பாரிசு நகரில் வாழ்ந்த இருவரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மேதைமை வாய்ந்த பெண்கள் அரியர் என்று இளமையில் தம் நாட்குறிப்பில் எழுதியவர் பியேர் கியூரி. 1894ஆம் ஆண்டு இளவேனிலில், போலந்திலிருந்து கல்வி கற்க வந்திருந்த மரியாவை அவர் சந்தித்தார். இயற்பியல் பேச்சிலேயே நட்பு முளைத்தது. பியேர் தொடக்கத்தில் அவருக்கு அளித்த பரிசு, சமச்சீர்மை பற்றித் தாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் படி ஒன்று. அதில் தம் கைப்பட மதிப்புரை எழுதியிருந்தார். இத்தகைய காதற்பரிசு பெற்றோர் உலகில் மிகச் சிலரே! 1895இல் நிகழ்ந்த திருமணத்தில் மரியா உடுத்தியது கருநீல உடை. ஆய்வகத்திலும் அணியலாம் என்பதற்காக அதனைத் தேர்ந்தார். 1898இல், மனைவி தொடங்கிய கதிரியக்க ஆய்வின் அருமை உணர்ந்த பியேர், தம் படிக ஆய்வை ஒதுக்கிவைத்து அதில் இணைந்தார்.

அறிவால் இணைந்தோர் அனைவரும் இவ்வாறு வாழ்ந்தனரா? இல்லை. ஐன்ஸ்டைனும் மிலேவா மாரிச்சும் சூரிச்சு நகரில் ஒரே வகுப்பில் இயற்பியல் பயின்றவர்கள். அவர்தம் காதற்கடிதங்களிலும் அறிவியல் பேசப்பட்டது. ஆயினும் 1914இல் அவர் மனைவிக்கு விதித்த நிபந்தனைகளில், உடைகளைப் பேண வேண்டும், மூவேளை உணவு அறைக்கு வர வேண்டும், நிறுத்தச் சொன்னால் பேச்சை நிறுத்த வேண்டும் என்பன இருந்தன. 1919இல் மணமுறிவு நேர்ந்தது. காதலர்க்கு ஆகாதனவற்றுள் வன்சொல்லையும், தம்மைப் பெரியராக எண்ணும் வியப்பையும் தொல்காப்பியர் சேர்த்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

சொல்வன்மையாலும் கலைத்திறத்தாலும் ஒருவரைக் கவர்தல் எளிது. இளமையில் அது இன்னும் எளிது. தம் அறிவைக் கண்டு பிறர் வியக்கக் காண்பதில் இன்பமும் உண்டு. ஆனால் பிறரது அறிவுக்கு இடம்விட்டு நிற்றல் அரிது. காதலில் அதுவே தேவை. 1903ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிஞர் சிலர் அனுப்பிய பரிந்துரையில் மேரியின் பெயர் இல்லை. அதனை அறிந்த பியேர், மேரியின் பங்கும் கருதப்பட வேண்டும் எனக் கடிதம் எழுதினார். பரிசு பெக்கெரலுடன் அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1906ஆம் ஆண்டு ஏப்ரலில் பியேர் வண்டி மோதி இறந்தார். நவம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த இடத்திற்கு மேரி வந்தார். அவர் முதல் உரையைக் கேட்க அரங்கு நிறைந்திருந்தது. இரங்கல் மொழி ஏதுமின்றி, பியேர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினார்.