வானை விற்றவனின் கணக்கு

நீண்டகால நண்பர் ஒருவர் தமது வானை விற்றுவிட்டுச் சிறிய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறார். "லீற்றருக்கு ஆகக்கூடிய தூரம் ஓடும் கார் எது?" என்று என்னிடம் கேட்டார். அதே மாற்றத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் செய்தவன் என்ற வகையில், அவர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே எனது கருத்து.

எனது வீட்டிலும் டீசல் வான் ஒன்று நின்றது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து குடும்பத்துடன் யாழ்ப்பாணம் போகவேண்டும் என்பதே அதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட நியாயம். ஆண்டில் ஒரேயொரு பயணத்துக்காக வாங்கிய அந்த வாகனத்தில், மீதி நாட்களில் நான் தனியாளாகப் பணிமனைக்குப் போய்வந்தேன்.

2022 இல் அந்த நியாயம் கலைந்தது. எரிபொருள் வரிசைகளில் முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகளைப் பகலில் செம்மைப்படுத்திவிட்டு, இரவில் அத்தகைய வரிசையொன்றில் நானும் நின்றேன். அவ்வாண்டு ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபா, பெற்றோல் 470 ரூபா. டீசல் மலிவு என்ற பழைய வாதமும் அத்துடன் போயிற்று. அடுத்து வந்த கியூஆர் முறையில், தொடக்கத்தில் வாரமொன்றுக்கு வானுக்கும் 20 லீற்றர், காருக்கும் 20 லீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடிய எனது வானுக்கு அது 160 கிலோமீற்றர். அயல்வீட்டாரின் சிறிய காருக்கு அதன் இருமடங்கு. அந்த முறை 2023 செப்டெம்பரில் முடிவுக்கு வந்தது. அது கற்பித்த பாடத்தை நான் மறக்கவில்லை.

இனி நண்பருக்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுபவர் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 1,500 லீற்றர் வேண்டும். 16 ஓடும் சிறிய காருக்கு 750 போதும். 24 ஓடும் ஹைபிரிட்டுக்கு 500. முதல் மாற்றத்தில் மிஞ்சுவது 750 லீற்றர். அதற்கு மேல் இன்னும் 8 கிலோமீற்றரைத் துரத்தினால் மிஞ்சுவது 250 லீற்றர் மட்டுமே. பெரிய வாகனத்தை விட்டிறங்குவதிலேதான் பெரும்பங்கு இலாபம் இருக்கிறது.

விற்பனையாளர் காட்டும் இலக்கங்களையும் அப்படியே நம்பலாகாது. ரொயோட்டா அக்குவா 2011 இல் ஜப்பானில் அறிமுகமானபோது அந்நாட்டுச் சோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அறிவிக்கப்பட்டது. அது ஆய்வுகூடத்து உருளைகளின் மேல் பெற்ற அளவு. குளிரூட்டியுடன் காலி வீதி நெரிசலில் ஊரும் காருக்கு அது பொருந்தாது. நகருக்குள் நாள்முழுதும் ஓடுபவருக்கு ஹைபிரிட் உகந்ததே, மறுக்கவில்லை. ஆனால் பழையதை வாங்குபவர் அதன் மின்கலத்தின் வயதையும் சேர்த்தே வாங்குகிறார். அதை மாற்ற நேர்ந்தால், பல ஆண்டுகள் மிச்சம்பிடித்த பெற்றோற் காசு ஒரே நாளில் போய்விடும்.

நம்பகம் என்றால் என்னவென்று எங்களுக்குக் கற்பித்தது போர்க்காலம். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவை பழுதாகாத வாகனங்கள் அல்ல. பழுதானால் ஊர்த் திருத்துநரே திருத்தக்கூடிய வாகனங்கள். அந்த வேறுபாடு பெரிது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டில் இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். நான் வாங்கிய ஆயிரம் சீசீ விட்ஸ் அழகானதன்று, வேகமானதுமன்று. அதன் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். எமது தெருமுனைத் திருத்துநருக்கு அதன் உள்ளும் புறமும் தெரியும். வாங்குமுன் மீற்றர் காட்டிய கிலோமீற்றரைப் பார்த்து நான் முடிவெடுக்கவில்லை. அவரையே அழைத்துச்சென்று காட்டினேன்.

நல்லூருக்கு? 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதம் இருக்கிறது. கூட்டம் கூடினால் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தலாம்.

ஆகவே நண்பரே, இரண்டு கேள்விகளை முதலில் உங்களிடமே கேளுங்கள். எனது வழமையான ஒரு நாளுக்கு எவ்வளவு வாகனம் போதும்? அது வழியில் நின்றால் யார் திருத்துவார்? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின் லீற்றர்க் கணக்கைப் பார்க்கலாம்.