இழுத்துச் செல்லப்பட்ட வண்டியும் பாதையின் உரிமையும்



ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, தெருவில் நிறுத்தியிருந்த மூன்று இருசக்கர வாகனங்களைக் காணவில்லை. சீருடையில் வந்த காவல் அலுவலர் ஒருவர் உடன் நிற்க, இழுவை வண்டி அவற்றை ஏற்றிச் சென்றதாக எதிர்க் கடைக்காரர் கூறினார். “இங்கே தடைப்பலகையே இல்லையே! நம்மவர்களின் வண்டி என்பதால்தானே எடுத்தார்கள்?” என்று இளைஞர்கள் கொதித்தனர்.

சினம் தணிந்தபின் சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி நிற்கும் வாகனத்தையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வாகனத்தையும் அகற்றலாம். ஆனால், அப்பகுதிக்கு அதிகாரமுள்ள காவல் அலுவலர் சீருடையில் இருந்து அதனை அனுமதிக்க வேண்டும். இழுவைச் செலவு உரிமையாளரைச் சாரும். காவலர் எவருமின்றி ஊழியர்கள் தாமாகவே தூக்கிச் சென்றால் அது முறையன்று. அதே இடத்தில் நின்ற பிறர் வண்டிகளை விட்டுவிட்டு நம்முடையவற்றை மட்டும் எடுத்திருந்தாலும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விளக்கம் கேட்கலாம். அநீதியைக் கண்டு வாளாவிருக்க மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை.

ஆனால், தடைப்பலகை இல்லை என்ற வாதம் இங்கே நிற்காது. பிறர் வளாகத்தின் வாயிலை மறித்து நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. அதற்குத் தனிப் பலகை தேவையில்லை. அம்மூன்று வண்டிகளும் நின்றது ஒரு வீட்டு வாசலில். அவ்வீட்டு முதியவரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வந்த ஆட்டோ வாசலை நெருங்க இயலவில்லை. குத்பா நடக்கும் நேரத்தில் பள்ளிவாசலுக்குள் வந்து சொல்லத் தயங்கிய அவர்கள், காவல் நிலையத்தை அழைத்தார்கள். நம் தொழுகைக்கு அவர்கள் அளித்த மரியாதையை, அவர்களுடைய வாசலுக்கு நாம் அளிக்கவில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருத்தலைப் பாதைக்குரிய உரிமைகளுள் ஒன்றாகவும் எண்ணினார்கள். அகற்றப்பட வேண்டிய தொல்லையாக நம் வண்டியே நிற்கலாமா? ஜும்ஆவுக்கு விரைவது நன்மையே. அவ்விரைவில் அண்டைவீட்டாரின் உரிமையைப் பறித்தால், அது மனிதருக்கு நாம் பட்ட கடன். அதனை அவர்களே மன்னிக்க வேண்டும்.

வெள்ளிதோறும் இரு இளைஞர்கள் தெருமுனையில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தட்டும். வீட்டு வாசல்களின் முன் சுண்ணாம்புக் கோடு இடுவோம். அவசரத்துக்கு அழைக்க, ஜமாஅத் நிர்வாகியின் தொலைபேசி எண்ணை அண்டைவீட்டாருக்குக் கொடுப்போம். வண்டிகளை மீட்கக் காவல் நிலையம் செல்லுமுன், அந்த வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்போம்.

பிறர் உரிமையைப் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.