கடை முகப்பும் மிளகு மூட்டையும்

கண்டிப் பக்கத்தில் 'இளம் தொழில்முயற்சியாளரை ஊக்குவித்தல்' என்ற பெயரில் நடக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. பிரமுகர் வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், பகலுக்குப் புரியாணி. கலைந்து போகும்போது பையன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், முதல் இருக்காது. அந்த மேடையில் அமர்ந்திருந்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அக்குறணைக்குப் போய்ப் பாருங்கள். ஏ-9 வீதியின் இருமருங்கும் கடை. புடைவை, ஹாட்வெயார், கைத்தொலைபேசி, மீண்டும் புடைவை. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைக்குள் வெள்ளம். சாமான்களை மேல் மாடிக்கு ஏற்றுகிறோம், வடிந்ததும் இறக்குகிறோம். ஆற்றை நெருக்கிக் கட்டிய கட்டடங்களும் இதற்குக் காரணம் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் வீதி முகப்புள்ள இடத்துக்குக் 'கீ மணி' கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. ஒருவருடைய கடை நன்றாக ஓடினால் ஆறு மாதத்தில் எதிரே அதே கடை. வியாபாரம் என்று இதைச் சொல்லலாம். புதுமை என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

நம் காலடியில் கிடப்பது என்ன? கண்டியும் மாத்தளையும் இலங்கையில் மிளகு விளையும் முக்கிய மாவட்டங்கள். கராம்பும் சாதிக்காயும் அப்படியே. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள். வாங்கிச் சேர்ப்பவர்களில் நம்மவர் பலர். நமது மிளகில் காரத்தைத் தரும் பைப்பரின் அதிகம். முற்றாத இலேசான மிளகைக்கூட இந்திய வியாபாரி தேடி வாங்குகிறான். எண்ணெயும் ஒலியோரெசினும் வடிக்க அதுதான் தோது என்பது அவனுக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை அந்தச் சந்தையை இன்னும் திறந்துவிட்டது. நாம் என்ன செய்தோம்? இன்னும் கொஞ்சம் மூட்டை கட்டினோம். 2017 டிசம்பரில் கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாதென்று இந்திய அரசு விதித்தது. டில்லியில் போடும் ஒரு கையெழுத்துக்கு மாத்தளைச் சந்தை நடுங்குகிறதென்றால், ஒரே பண்டத்தை, ஒரே நாட்டுக்கு, அதுவும் மூட்டையாகவே விற்பதன் விளைவு அது.

கேரளத்தின் கோலஞ்சேரியில் சி.வி. ஜேக்கப் என்பவர் 1972இல் சிந்தைட் என்ற ஆலையைத் தொடங்கினார். வாசனைத் திரவியங்களிலிருந்து ஒலியோரெசின் வடிப்பதில் இன்று உலகின் பெரிய நிறுவனங்களில் அது ஒன்று. அவருக்குக் கிடைத்தது வேறு மிளகா? ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில் இருக்கிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கண்டி நகரிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு தூரம்? நமது பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பட்டத்தை எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போகிறார்கள். பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலைக் கழற்றினால் வெள்ளை மிளகு, கூடுதல் விலை. அதற்குப் பெரிய இயந்திரம்கூடத் தேவையில்லை. தேவைப்படுவது பொறுமை. கடை போட்ட அன்றே கல்லாவில் காசு விழவேண்டும் என்பவர்களிடம் அது இல்லை.

"எரித்து விடுவார்களே, எதை நம்பி முதலிடுவது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் எள்ளவில்லை. 2018 மார்ச்சில் திகனையும் தெல்தெனியவும் அக்குறணையும் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். எரித்தவனுக்கு நியாயம் தேடுவதும் என் வேலையல்ல; குற்றம் முழுவதும் அவனுடையது. ஆனால் அன்று எரிந்தவற்றில் கடைகளும் இருந்தனதாமே? பயம் காரணமென்றால் கடையையும் அல்லவா போடாமல் இருந்திருக்க வேண்டும்? திரும்பவும் அதே இடத்தில் அதே கடையைக் கட்டினோம். அந்தத் துணிவுக்குத் தலை வணங்குகிறேன். அதில் பாதியையாவது வேறொன்றில் காட்டியிருக்கலாம்.

காசில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சீதன வீட்டுக்கு இருக்கிறது. மண்டபத்துக்கு இருக்கிறது. பள்ளிவாசலில் நல்ல நிலையிலுள்ள தரையைப் பெயர்த்துப் புதுத் தரை பதிக்கவும் இருக்கிறது. மீலாத் மேடையில் கதீஜா நாயகியின் (ரழி) முதலில் நபியவர்கள் (ஸல்) வணிகம் செய்த வரலாற்றைக் கண்ணீர் மல்கச் சொல்கிறோம். அதே முறையில் ஒரு பையன் வந்து, "ஹாஜியார், நீங்கள் முதல் போடுங்கள், நான் உழைக்கிறேன், இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிப்போம்" என்றால் முதற்கேள்வி: "காணி உறுதி இருக்கிறதா, மகன்?" முழாரபாவில் நட்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீண் என்பது நம் மதரஸாப் பாடம். அதைப் பரீட்சைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

ஸகாத் நிதியிலும் இதே கதைதான். வருடா வருடம் விதவைகளுக்கு ஆளுக்கொரு தையல் இயந்திரம், ஒரு படம். பத்துப் பேரை ஒன்று சேர்த்து, வெட்டுபவர், தைப்பவர், சந்தைப்படுத்துபவர் என்று ஒரு தொழிலகம் அமைத்துக் கொடுக்க ஏன் எவருக்கும் தோன்றவில்லை? அப்படிச் செய்தால் அடுத்த வருடம் படமெடுக்க ஏழைகள் கிடைக்க மாட்டார்கள் என்றா?

எழுதுகிற நமக்கும் இதில் பங்குண்டு. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பே சரித்திரம்' தந்தார். அச்சும் பத்திரிகையும் அன்று நம்மவர்க்குப் புதிய தொழில். கல்ஹின்னை என்ற மலைக்கிராமத்தின் பெயரில் தமிழ் மன்றம் நடத்தி நூல்களை வெளியிட்டார் எஸ்.எம். ஹனிபா. அவர்களை இலக்கியவாதிகள் என்று மட்டும் கொண்டாடுகிறோம். முதல் போட்டதையும், தாள் வாங்கியதையும், விற்க அலைந்ததையும் யார் எழுதினார்கள்? நமது சிறுகதைகளில் முதலாளி கொடியவனாக வருவார், அல்லது கொடை வள்ளலாக வருவார். ஒரு பொருளைப் புதிதாகச் செய்து பார்த்தவராக வந்ததை நான் வாசித்ததில்லை.

மடவளையிலோ உக்குவளையிலோ ஐந்து முதலாளிமார் சேர்ந்து, பேராதனையில் படித்த ஒரு பிள்ளையோடு எழுத்தில் ஒரு முழாரபா ஒப்பந்தம் செய்யட்டும். வைபவத்துக்கு எனக்கு அழைப்பு வேண்டாம். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை அனுப்பினால் போதும். என் கட்டுரையை எடுத்துவிட்டு அதை இந்த ஏட்டில் போடும்படி ஆசிரியரிடம் நானே சொல்கிறேன்.