சிரித்த முகத்தில் செங்கல்!

சீமான் ஒருவர் விருந்து வைத்தார். வந்தவர்களுக்கு மது வழங்கினார். பிறகு செங்கற்களைக் கையிலே கொடுத்தார். "எறியுங்கள்!" என்றார். எறிந்தார்கள். கண்ணாடி சிதறியது. கைதட்டினார்கள். களித்தார்கள்.

எதன்மீது எறிந்தார்கள் தெரியுமா? ஒரு சிரிப்பின்மீது!

கதையல்ல, தோழர்களே! 1966ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி. இடம் அமெரிக்கா, நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், கடலோரத்தில் உள்ள கோனி தீவு. அங்கே 1897 முதல் ஏழை எளியவர்கள் கூடிக் களித்த ஸ்டீபிள்சேஸ் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. அதன் பெரிய மண்டபத்தின் கண்ணாடி முகப்பிலே, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் மனித முகம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. அந்த முகத்தில்தான் செங்கல் விழுந்தது.

விருந்து வைத்தவர் பெயர் பிரெட் டிரம்ப். பிற்காலத்தில் இருமுறை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்த டொனால்டு டிரம்பின் தந்தை. வீடு கட்டி விற்பதும் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். 1965இல் பூங்காவை வாங்கினார். மண்டபத்தை வரலாற்றுச் சின்னமாக்கிக் காக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. குரல் சட்டமாவதற்குள் கட்டடம் குப்பையாகவேண்டும். அதற்குத்தான் அந்த அவசரம், அந்த விருந்து!

சரி, இடித்தாரே, மாடி வீடுகள் எழும்பினவா? இல்லை. கட்டுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. நிலத்தை இலாபத்தோடு நகராட்சிக்கே விற்றுவிட்டு நடந்தார் சீமான். 2001இல் அங்கே ஒரு பந்தாட்ட அரங்கம் வரும்வரை, நிலையான கட்டடம் ஏதுமின்றிக் கிடந்தது அந்த மண். இடித்தது ஒரு நாள் விருந்தில். இழந்தது முப்பத்தைந்து ஆண்டு!

எங்கோ கிடக்கும் பூங்காவைப் பற்றி இங்கே நமக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். பூங்கா எங்கோதான் இருக்கிறது. ஆனால், பாட்டாளி சிரிக்கும் இடத்தைப் பார்த்ததும் பணமூட்டைக்கு ஏற்படுகிற பசி இருக்கிறதே, அதற்கு ஊர் ஏது, கண்டம் ஏது?

கோனி தீவு யாருடைய இடம்? 1920இல் அங்கே நகர ரயில் வந்து சேர்ந்தது. கட்டணம் ஐந்து சென்ட். தையற்கூடத்தில் ஊசியோடு போராடிய பெண், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்து இருட்டறையில் எட்டுப் பேரோடு படுத்தவன் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து சென்டைக் கொடுத்துக் கடலைக் கண்டார்கள். அதற்குமுன் கடற்கரையையே வேலி போட்டு அடைத்து வைத்திருந்தார்கள் குளியலறைக் கொட்டகை முதலாளிகள்! வேலி விலகியது. 1923இல் கடலோரமாக மரப்பலகை நடைமேடை பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஐந்து சென்டுக்கு ரயில், ஐந்து சென்டுக்கு இறைச்சி வைத்த ரொட்டி. "ஐந்து சென்ட் சாம்ராஜ்யம்" என்றே அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். மணிமுடி இல்லாத மக்களின் சாம்ராஜ்யம்!

குற்றமே இல்லாத சொர்க்கம் அது என்று நாம் கூறவில்லை. அங்கே இருந்த லூனா பார்க் என்ற பூங்காவில், 1905இல், பிலிப்பைன்சைச் சேர்ந்த இகொரோட் பழங்குடி மக்களைக் கொண்டுவந்து காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். மனிதனை மனிதன் காசு கொடுத்து வேடிக்கை பார்த்த அந்தக் கேவலத்தை மறைத்துவிட்டு நாம் புகழ் பாடமாட்டோம். கேளிக்கை வேண்டும், ஆனால் எவனுடைய மானத்தையும் மிதித்து அல்ல. இது நம் கொள்கை.

அந்தக் கோனி தீவிலே, இடிபாடுகளுக்கெல்லாம் தப்பி நிற்கிறது ஒரு ரோலர் கோஸ்டர். பெயர் சைக்ளோன், அதாவது சூறாவளி. 1927 ஜூன் 26 முதல் ஓடுகிறது. எஃகுச் சட்டத்தின்மேல் மரப்பாதை. உயரம் 85 அடி. பாதையின் நீளம் அரை மைல். வேகம் மணிக்கு 60 மைல். தொடங்கியபோது கட்டணம் 25 சென்ட்.

ஏறி அமர்வோமா? ஒரு வண்டித் தொடரில் 24 பேர். இடுப்பின் குறுக்கே இரும்புத் தடுப்பு விழுகிறது. சங்கிலி கொக்கியைப் பற்றுகிறது. 'கடக், கடக்' என்று மெல்ல மெல்ல மேலே ஏறுகிறோம். ஒருபுறம் கடல், மறுபுறம் நகரம். உச்சிக்கு வந்ததும் சங்கிலி விட்டுவிடுகிறது. அதன்பிறகு எஞ்சின் இல்லை, இழுப்பார் இல்லை. பூமி இழுக்கிறது, நாம் விழுகிறோம்! கூரை சரிந்ததுபோன்ற செங்குத்துச் சரிவு. வயிறு மேலே வருகிறது, தொண்டை அடைக்கிறது, உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது. அடுத்த மேடு, அடுத்த பள்ளம், திருப்பம், மறுபடி பள்ளம். மரம் முனகுகிறது. தோளோடு தோள் மோதுகிறது. அலறுகிறோம், அலறிக்கொண்டே சிரிக்கிறோம். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து, கால் நடுங்க இறங்கி, "இன்னொரு முறை!" என்கிறோம்.

அந்த இரண்டு நிமிடத்தில் முதலாளி ஏது, கூலி ஏது? சரிவிலே விழும்போது வங்கி அதிபரின் வயிறும் மூட்டைக்காரனின் வயிறும் ஒன்றாகத்தானே கலங்குகின்றன! மேடையேறி நாம் முழங்கும் சமத்துவத்தை, சத்தமில்லாமல், இல்லை இல்லை, பெருஞ்சத்தத்தோடு நடத்திக் காட்டுகிறது அந்த வண்டி!

இந்த விளையாட்டின் பிறப்பும் சீமான் மாளிகையில் மட்டும் நிகழ்ந்ததல்ல. உருசிய நாட்டிலே பனிச்சறுக்கு மேடைகள் இருந்தன, உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டியது நிலக்கரி! பென்சில்வேனியாவின் மலையொன்றில் 1827இல் நிலக்கரி வண்டிகளைத் தண்டவாளத்தில் சரியவிட்டார்கள். காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. சுரங்கத் தொழிலாளி கறுத்த முகத்தோடு நிலக்கரி அனுப்பிய அந்தப் பாதையில், பிற்காலத்தில் மக்கள் காசு கொடுத்து உல்லாசப் பயணம் போனார்கள். அதைக் கண்ட தாம்சன் என்பவர் 1884இல் கோனி தீவில் ஒரு சறுக்கு ரயில் அமைத்தார். வேகம் மணிக்கு ஆறு மைல். கட்டணம் ஐந்து சென்ட். அந்த இடத்தில்தான் இன்று சைக்ளோன் நிற்கிறது. பாட்டாளியின் வேலைக்கருவி பாட்டாளியின் விளையாட்டாக மாறிய வரலாறு இது.

இனி, இந்தக் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். இத்தனை காலம் அது எப்படி நின்றது? தெய்வ அருளாலா? மந்திரத்தாலா? இல்லை. திருகாணியால்! எண்ணெயால்! உழைப்பவன் கையால்!

கடற்காற்றிலே உப்பு, எஃகை அரிக்கும். மழையிலே மரம் ஊதும், வெயிலிலே சுருங்கும், ஆணி தளரும். ஆகவே மரப்பாதை ரோலர் கோஸ்டர் உள்ள இடங்களில், மக்கள் வருவதற்கு முன், மெக்கானிக்குகள் பாதை நெடுகிலும் நடந்து பார்ப்பார்கள். தளர்ந்ததை முறுக்குவார்கள், உளுத்ததைப் பெயர்ப்பார்கள், சக்கரத்துக்கு எண்ணெய் இடுவார்கள். வண்டி பாய்ந்து வரும்போது, நெம்புகோலைப் பிடித்து, அளவறிந்து இழுத்து நிறுத்தியவை தொழிலாளியின் கைகள். நாம் அலறிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்கு ஈடாக நிற்பது அவனுடைய விழிப்பு!

2024 ஆகஸ்டிலே ஒரு நாள், சைக்ளோன் பாதி வழியில் நிறுத்தப்பட்டது. சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தில் விரிசல். அமர்ந்திருந்தவர்களைப் பத்திரமாக இறக்கினார்கள். நகர அதிகாரிகள் வந்தார்கள். ஓட்டத் தடை போட்டார்கள். பழுது நீக்கியபின், அடுத்த மாதமே மீண்டும் ஓடியது. பழுது வருவது குற்றமல்ல. பழுதைப் பார்க்காதிருப்பதுதான் குற்றம்.

அந்தக் குற்றத்தையே சிலர் தந்திரமாகக் கையாள்கிறார்களே, அதைத்தான் தோழர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். முதலில் பராமரிப்பை நிறுத்து. பெயிண்ட் உதிரட்டும், துரு ஏறட்டும், விளக்கு அணையட்டும். பிறகு, "ஐயோ, ஆபத்து! அசிங்கம்!" என்று நீயே கூவு. அதன்பிறகு இடி. கடைசியில் "மறுமலர்ச்சித் திட்டம்" என்று பலகை மாட்டு. கவனிப்பார் இல்லாமல் போடுவது முதல் கடப்பாரை. இரும்புக் கடப்பாரை இரண்டாவதாகத்தான் வருகிறது!

சைக்ளோனுக்கே அந்த ஆபத்து வந்தது. 1970களின் தொடக்கத்தில், பக்கத்திலிருந்த மீன்காட்சியகத்தை விரிவாக்க அதை இடித்துவிடலாம் என்றார்கள். மக்கள் எதிர்த்தார்கள். "சைக்ளோனைக் காப்போம்" என்று இயக்கமே நடத்தினார்கள். 1975இல் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் ஓடியது. 1988இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. அதே கோனி தீவில் தண்டர்போல்ட் என்ற மற்றொரு ரோலர் கோஸ்டரும் இருந்தது. 1925இல் எழுந்தது, 1982இல் நின்றது. கேட்பாரற்றுத் துருவேறியது. 2000ஆம் ஆண்டில் நகர நிர்வாகமே அதை இடித்துத் தள்ளியது. இடித்ததற்கு நியாயம் இல்லை என்று 2003இல் நீதிமன்ற ஜூரிகள் கூறினர். தீர்ப்பு வந்தது, தண்டர்போல்ட் வருமா? 2014இல் அதே பெயரில் புதிய எஃகு வண்டி வந்தது. பெயர் மீண்டது, பழைய மரம் மீளவில்லை.

"பழமையை எதிர்க்கும் பகுத்தறிவாளர் நீங்கள், பழைய மர வண்டிக்காகப் பரிந்து பேசலாமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. கேட்கட்டும், பதில் இருக்கிறது. நாம் ஒரு பொருளின் வயதைப் பார்ப்பதில்லை. அது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்கிறோம். மனிதனை மனிதன் தாழ்த்தும் பழமை மண்ணாகட்டும்! மனிதனைச் சிரிக்க வைக்கும் பழமைக்கு எண்ணெய் இடுவோம்! பழைய மூடநம்பிக்கை வேறு; பழைய கலப்பை வேறு.

"ஏழைக்கு வீடு வேண்டாமா? விளையாட்டுத்தானா முக்கியம்?" என்பது இன்னொரு கேள்வி. வீடு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் கேட்பவர் யார் என்று பாருங்கள். கடலைப் பார்த்தபடி மாடி கட்டி, உயர்ந்த விலைக்கு விற்கத் துடிப்பவர்தான் பெரும்பாலும் ஏழையின் வீட்டைப் பற்றிக் கண்ணீர் வடிக்கிறார்! 1886இல் சிக்காகோவில் தொழிலாளர் எழுப்பிய குரல் என்ன? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் விருப்பத்திற்கு! அந்த மூன்றாவது எட்டைக் கழிக்க இடம் எங்கே? குருதி சிந்திப் பெற்ற நேரத்தை நாற்சுவருக்குள் முடக்கவா? இன்று டிஸ்னிலாந்துக்குள் ஒரு நாள் நுழைய ஒருவருக்கு நூறு டாலருக்கு மேல் வேண்டும். கோனி தீவிலோ கடற்கரைக்கும் நடைமேடைக்கும் இன்றும் கட்டணம் இல்லை. இந்த வேற்றுமையில்தான் இருக்கிறது வழக்கு.

ஆசை ஓயவில்லை. 2006இல் சைக்ளோனை அடுத்திருந்த அஸ்ட்ரோலாண்டு பூங்காவின் நிலத்தை ஒரு நிலவணிக நிறுவனம் வாங்கியது. 2008இல் பூங்கா மூடப்பட்டது. 2009இல் நகராட்சி 9 கோடியே 56 இலட்சம் டாலர் கொடுத்து ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலத்தை அந்த நிறுவனத்திடம் வாங்கியது. 2010இல் புதிய லூனா பார்க் திறந்தது. காக்கத் தவறினால் பிறகு கோடி கொடுத்து மீட்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியாக வந்தது சூதாட்ட விடுதி! 340 கோடி டாலர் திட்டம். ஓட்டல், மாநாட்டு மண்டபம், சூதாட்டக் கூடம். "வேலை கிடைக்கும், வளம் கொழிக்கும்" என்றார்கள். சைக்ளோனில் ஏறுபவன் இரண்டு நிமிடம் அலறிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். சூதாட்டக் கூடத்தில் நுழைபவன் சிரித்துக்கொண்டு போய், வீட்டுக்கு வந்தபின் அலறுகிறான்! கோனி தீவு மக்கள் கூடினார்கள், பேசினார்கள், எதிர்த்தார்கள். 2025 செப்டம்பரில், திட்டத்தைப் பரிசீலித்த குழு பெரும்பான்மை வாக்கால் அதைத் தள்ளியது.

செங்கல் எறிந்த சீமானுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. காத்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டது. மன்றத்தில் பேசுபவன், மனுவில் கையெழுத்து வாங்குபவன், காலையிலே திருகாணி முறுக்குபவன் ஆகிய மூவரும் ஓய்ந்த இடத்தில்தான் கடப்பாரை நுழைகிறது. பொதுமக்களின் பூங்காவோ, படிப்பகமோ, திடலோ எதுவாயினும் சரி. விளக்கு ஒன்று அணைந்தால் அன்றே கேளுங்கள். பலகை ஒன்று பெயர்ந்தால் அன்றே கேளுங்கள். இடிக்கும் நாளில் கூடுவதைவிட, துருப்பிடிக்கும் நாளில் கூடுவதே வீரம்!