எந்தக் கட்டளைக்குப் பணிவது?

"போலீஸ் சொன்னதைக் கேட்டிருந்தால் உயிர் போயிருக்காது" என்கிறீர்கள். சரி, கேட்டவர் கதையைப் பார்ப்போம்.

2016 ஜூலை 6, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். பிரேக் லைட் எரியவில்லை என்று ஃபிலாண்டோ காஸ்டீலின் காரை ஓரங்கட்டிய அதிகாரி லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டார். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டிய காஸ்டீல், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை 'சார்' போட்டுத் தானாகவே சொன்னார். அதற்கு அனுமதியும் வைத்திருந்தார். அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் இவர். சில நொடிகளில் 7 குண்டுகள். பின்சீட்டில் 4 வயதுக் குழந்தை. துப்பாக்கியை எடுக்கிறார் என்று பயந்ததாகச் சொன்ன அதிகாரியை 2017இல் ஜூரி விடுவித்தது. லைசென்ஸை எடு என்றதும் அதே வாய், எடுக்காதே என்றதும் அதே வாய். இதில் பணிவு எங்கே குறைந்தது?

2023 ஜனவரியில் அதே நாட்டின் மெம்ஃபிஸ் நகரில் டயர் நிக்கோல்ஸ் என்பவரை அடித்த போலீஸார், தரையில் கிடந்தவரிடமே தரையில் படு என்றார்கள். கையைக் காட்டு என்று கத்தினார்கள். கை அவர்கள் பிடியில். வீடியோக்களை வைத்து நியூயார்க் டைம்ஸ் எண்ணியது: சுமார் 13 நிமிடத்தில் 71 கட்டளைகள்.

போலீஸாருக்கும் பயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. முன்பின் தெரியாத காரை நெருங்குவது லேசான வேலையல்ல. ஆனால் பயத்தை அடக்கப் பயிற்சியும் சம்பளமும் பெற்றவர் பதறிச் சுடலாம், ஒரு பயிற்சியும் இல்லாத ஓட்டுநர் மட்டும் விரல் நடுங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அவர் முரண்டே பிடித்தாலும், எரியாத பிரேக் லைட்டுக்கு எழுத வேண்டியது அபராதச் சீட்டுதானே!