கரையாத கனல்

பாலிலே சர்க்கரை கரைந்த கதையைக் கேட்டிருப்பாய், தோழா! தம் சமயங்காக்கப் பாரசீகத்தினின்று கலமேறிக் குஜராத்தின் சஞ்சான் கரையடைந்த பார்சிகளுக்கு, அந்நாட்டு மன்னன் ததும்பும் பாற்கிண்ணத்தை அனுப்பினானாம். இங்கே இடமில்லை என்பது பொருள். அவர்களோ அதிற் சர்க்கரையிட்டுத் திருப்பினராம். இனிமை சேர்ப்போம் என்பது மறுமொழி.

இனிய கதைதான்! எனினும், 1600-ஐ ஒட்டிப் பாமன் கைகோபாத் பாடிய 'கிஸ்ஸா-இ-சஞ்சான்' காவியத்தில் இக்கதை இல்லை. ஆங்குள்ளவை நிபந்தனைகள்: படைக்கலம் துறத்தல், நாட்டுமொழி பேசுதல், பெண்டிர் நாட்டுடை அணிதல். இசைந்தனர், குஜராத்தி அவர்தம் தாய்மொழியே ஆயிற்று. ஆயின், அவர்கள் போற்றிய புனிதத் தீ? அது கரைந்ததா? இல்லை! இடம் பல பெயர்ந்து, 1742 முதல் உத்வாடாவில் அணையாது எரிகிறது.

கரைந்துபோனவரா நவ்சாரியிற் பிறந்த ஜாம்ஷெட்ஜி டாட்டா? 1892-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் புகுந்தவரும், இந்தியச் செல்வம் சுரண்டப்படுவதைக் கணக்கிட்டுக் காட்டியவருமான தாதாபாய் நவ்ரோஜி கரைந்துபோனவரா? தம் தீயைக் காத்தவரே நாட்டுக்கும் ஒளி தந்தனர்!

2011 கணக்கெடுப்பில் அவர்கள் 57,264 பேர்தாம். 'கரைந்தால்தான் எம்மவர்' எனச் சிறுபான்மையோரை மிரட்டுவோர் உளர். அவர்களைக் கேள், தோழா: மொழியைப் பகிர்ந்தனர், உழைப்பைப் பகிர்ந்தனர், கனலையும் அணைத்துவிடு என்பது நீதியோ?