மாத்திரையைக் கூட்டும் முன் வாயைத் திறந்து பாருங்க

1/ "ஆட்டிசம் பையன் டாக்டர். வயசு 20. இப்போ அடிக்கிறான், மாத்திரையைக் கூட்டிக் குடுங்க." பொறுங்க. பல்லைப் பார்த்தீங்களா? மலம் போய் எத்தனை நாளாச்சு?

2/ வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவருக்குச் சொத்தைப் பல், காதுவலி, மலச்சிக்கல் எல்லாம் அடியாகவும் கடியாகவும்தான் வெளியே வரும். பதின்ம வயதில் புதிதாக வலிப்பும் வரலாம்.

3/ ரிஸ்பெரிடோன் சிலருக்குத் தேவைதான். ஆனா அது சொத்தைப் பல்லை ஆற்றாது. எடையை ஏற்றும்.

4/ 5 வயதில் உருண்டு கத்தினால் 'பாவம் குழந்தை'. 20 வயதில் அதையே செய்தால் 'ஆபத்தான ஆள்'. என்னங்க நியாயம் இது?

5/ அந்த நேரத்தில் சத்தம், வெளிச்சம், கூட்டத்தைக் குறைங்க. வீடியோ எடுக்காதீங்க.

6/ சக டாக்டர்களே, "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று எழுதும் முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்க.